நாற்பது முதுகுகளும் ஒரு மஞ்சள் காரும்

ஓட்டத்துக்குப் போய் இன்னும் ஸ்டாண்டுக்குத் திரும்பாத என் அன்புத் தங்கராசு மாமாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீங்கள் நலமா என்று கேட்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. கேட்காமல் விட்டால் "அக்கா மகளுக்கு மருவாதி தெரியல" என்பீர்கள். அதனால் கேட்டுவிட்டேன். பதில் கட்டாயமில்லை.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. சூரியநெல்லியில் மழை இருக்கிறது, அட்டை இருக்கிறது. பைஜு சேட்டனின் ஜீப்பில் ஹார்ன் எப்போதும் இருக்கிறது, பிரேக் எப்போதாவது இருக்கிறது. நான் பிளஸ் டூ வந்துவிட்டேன். வகுப்பில் முதல் வரிசை கொடுத்திருக்கிறார்கள். நன்றாகப் படிக்கிறேன் என்பதால் அல்ல, டீச்சருக்குக் கை எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்பதால்.

இந்தக் கடிதத்தை வாசகசாலைப் பலகையிலும் ஒட்டப் போகிறேன். ஏனென்றால் இது வெறும் கடிதம் இல்லை, தீர்ப்பு. நம் பந்தயம் முடிந்துவிட்டது மாமா. யார் ஜெயித்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பிப் பார்க்கிற ஆள் என்பது தெரியும். இப்போது முடியாதே!

பலகையில் படிக்கிறவர்களுக்காகப் பந்தயம் என்ன என்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன். எங்கள் மாமா மலைக்கு ஜீப் ஓட்டியவர். விடிகாலை ஓட்டம் முடித்து, சனிக்கிழமைகளில் எட்டாம் வளைவில் வண்டியை ஓரம் கட்டுவார். வளைவில் பள்ளத்தின் பக்கம் இடுப்பு உயரச் சுவர் ஒன்று உண்டு. அதில் நானும் அவரும் ரோட்டைப் பார்த்து உட்காருவோம். அந்த நேரத்துக்குத்தான் சமவெளியிலிருந்து ஸ்போர்ட்ஸ் கார்கள் கூட்டமாக ஏறி வரும். தரையோடு தரையாக, தவளையை யாரோ மிதித்துவிட்ட மாதிரி ஒரு வடிவம். சத்தம் மட்டும் நம் தேயிலை பேக்டரி அளவுக்கு.

நீங்கள் சொன்னது இது: "ஏ புள்ள, அவனுக்கு ரோடுதான் கண்ணு. நாம பாக்குறோமா, பல்லு வெளக்குறோமா, அவனுக்குத் தெரியவே தெரியாது."

நான் சொன்னது இது: "மாமா, நாம பாக்கலைன்னா அவுக வீட்டுக்குப் போயி அழுவாக."

இரண்டு வருடம் இதே சண்டை. ஒரு கார் நம்மைக் கடக்கும்போது ஒரு உறுமு உறுமினால், "பாத்தியா, நமக்காகத்தான்!" என்பேன். "ஏத்தத்துக்கு கியர் மாத்துறான் கழுதை," என்பீர்கள். கண்ணாடியை இறக்கினால், நாம் முகம் பார்க்கத்தான் என்பேன், நீங்கள் வேர்வை என்பீர்கள். சூரியநெல்லிக் குளிரில் வேர்வை!

பந்தயப் பொருள் நம் ஜீப்பின் கண்ணாடி. ஸ்டாண்டில் எல்லா ஜீப்புக்கும் முன்கண்ணாடியில் ஒரு பெயர் உண்டு. புலி உண்டு, புயல் உண்டு, பைஜு சேட்டனுக்கு இடிமின்னல் உண்டு. பெயர் இல்லாத ஒரே கண்ணாடி உங்களுடையது. "என்னய யாரும் பாக்கணும்னு நான் ஓட்டல," என்று அதற்கு ஒரு பெருமை வேறு. நான் ஜெயித்தால் அதில் பெயர் எழுதலாம், நீங்கள் ஜெயித்தால் கண்ணாடி கண்ணாடியாகவே இருக்கும். இதுதான் ஒப்பந்தம். கையில் அடித்துச் சத்தியம் செய்தோம்.

அப்புறம் ஒரு மதியம், ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் இழுத்து, இறங்கி, டயருக்குக் கல் வைத்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். டீ வருவதற்குள் போய்விட்டீர்கள். கல் வைத்துவிட்டுப் போனீர்களே, அதைத்தான் இன்றைக்கும் ஸ்டாண்டில் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். பந்தயத்தையும் முடித்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

சரி, அழவைக்க எழுதவில்லை. செய்திக்கு வருகிறேன்.

முதல் செய்தி, உங்கள் ஜீப்பை இப்போது உங்கள் வீட்டம்மா செல்வி அத்தையே ஓட்டுகிறார். அதிர்ச்சியில் எழுந்து உட்காராதீர்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் எஸ்டேட் மண்ரோட்டில் அத்தையிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, பக்கத்து சீட்டில் கதவைப் பிடித்துக்கொண்டு சாமி கும்பிட்டவர் நீங்கள்தானே. வண்டி சும்மா நின்றால் துருப்பிடிக்கும் என்று பேக்டரி வேலையை விட்டுவிட்டு அத்தை இறங்கிவிட்டார். நம் ஸ்டாண்டில் முதல் பெண் டிரைவர்.

ஓட்டம் பிரச்சினை இல்லை மாமா. கண்கள்தான் பிரச்சினை. அத்தை ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பார், டூரிஸ்ட் ஏறிக்கொண்டே, "டிரைவர் இன்னும் வரலியா?" என்பார்கள். நான்தான் என்று அத்தை சொன்னதும் பாதிப் பேர் செல்ஃபி எடுப்பார்கள், மீதிப் பேர் சீட்டின் கம்பியைப் பிடித்துப் பார்ப்பார்கள். ஸ்டாண்டுக்காரர்கள் வெற்றிலையை மென்றுகொண்டே பார்ப்பார்கள். எட்டாம் வளைவில் கொழுந்து எடுக்கும் பெண்கள், அத்தையோடு ஒரே லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவர்கள், வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்று பார்ப்பார்கள்.

ஆனால் மலைவழியில் உங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டே! எதிரே வருபவனுக்காக வண்டியைப் பின்னால் எடுத்து வழிவிட்டால், கடந்துபோகிறவன் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவான். நன்றி, வணக்கம், நீயும் நம்ம ஆள், எல்லாம் அந்த இரண்டு விரலில் அடங்கும். அத்தை எத்தனையோ தடவை வழிவிட்டார். பார்க்கிறவன் எல்லாம் பார்த்தான், ஒருத்தன் விரல் தூக்கவில்லை.

இனி என் குற்றம். திட்டுவதென்றால் இங்கே திட்டிக்கொள்ளுங்கள், இடம் விட்டு எழுதுகிறேன்.

அத்தை ஓட்டத் தொடங்கிய முதல் வாரம், லயத்துப் பிள்ளைகள் பத்துப் பேரை எட்டாம் வளைவில் வரிசையாக நிறுத்தினேன். ஜீப் வந்ததும் எல்லாரும் சல்யூட். நான் பேப்பரைச் சுருட்டி வாயில் வைத்து, "இதோ வருகிறார், வளைவை நெருங்குகிறார், வளைவே வளைந்து கொடுக்கிறது!" என்று வர்ணனை செய்தேன். அதை வீடியோ எடுத்துப் போட்டேன். பெருமைக்குத்தான் செய்தேன் மாமா, சத்தியமாக. அது பூப்பாறை, சாந்தன்பாறை என்று போன் போனாகத் தாவிவிட்டது. அதற்கப்புறம் ஏறுவதற்கு என்று வருகிறவர்களைவிட அத்தையைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

ஒரு சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் சொன்னார்:

"முடியல மதினி. மூக்கு அரிச்சாச் சொறிய முடியல, அம்புட்டுக் கண்ணு. வண்டி ஓட்டுறேனா, வேசம் கட்டி ஆடுறேனான்னு எனக்கே தெரியல. பூப்பாறைக்காரரு திங்கக்கெழம வண்டியப் பாக்க வாராரு. குடுத்துட்டுப் பழயபடி பேக்டரிக்கே போறேன்."

அம்மா என்னைப் பார்த்தார். அம்மா திட்டினால் தாங்கலாம். பார்த்தால் தாங்க முடியாது.

நான் வைத்த கண்கள். நான்தானே எடுக்க வேண்டும்? அன்றைக்குத் தூங்குவதற்குள் திட்டம் தயார். சனிக்கிழமை பள்ளி இல்லை. காலை பத்து மணிக்கு எட்டாம் வளைவுச் சுவரில் கொழுந்துப் பெண்கள் நாற்பது பேர் டீ குடிக்க உட்காருவார்கள். அந்த நேரத்தில்தான் ஸ்போர்ட்ஸ் கார்களும் மேலே ஏறும், அத்தையும் ஓட்டம் முடித்துக் கீழே இறங்குவார். நாற்பது பேரும் சுவரில் திரும்பி உட்கார்ந்து, ரோட்டுக்கு முதுகும் பள்ளத்துத் தேயிலைக்கு முகமும் காட்டினால் என்ன? அத்தைக்குக் கண்ணே இல்லாத ஒரு வளைவு கிடைக்கும். ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களுக்கு நாம் பார்க்காதது உறைக்கிறதா என்றும் தெரிந்துவிடும். மன்னிப்பும் கேட்டாச்சு, பந்தயமும் முடிஞ்சாச்சு. என் மூளையை நினைத்து எனக்கே கண்பட்டுவிடும் போலிருந்தது.

அவர்களோடு கொழுந்து எடுக்கிற அம்மாதான் பெண்களைப் பேசிச் சம்மதிக்க வைத்தார். பேச்சியம்மா அக்கா மட்டும் பேரம் பேசினார்: "திரும்பி உக்காந்தா எங்களுக்கு என்னட்டி தருவ?" சூப்பர்வைசர் மாதிரி நடந்து, பேசி, தும்மிக் காட்டுவதாக ஒப்புக்கொண்டேன். அந்தத் தும்மலுக்கு எஸ்டேட்டில் நல்ல மதிப்பு உண்டு. சட்டங்கள் இரண்டுதான். எந்த வண்டி வந்தாலும் திரும்பக் கூடாது, யார் பேசினாலும் பதில் சொல்லக் கூடாது.

எல்லாவற்றையும் யோசித்தேன் மாமா. ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அதை மறக்க நம் ஊரில் பிறந்த ஒருத்தியால்தான் முடியும், ஏனென்றால் தினமும் அதன் நடுவிலேயே இருக்கிறோம்.

முதலில் சிவப்புக் கார் வந்தது. பின்னால் ஆறு. சுவரில் நாற்பது முதுகுகள், நாற்பது தலைத்துண்டுகள். ஒரு கண் இல்லை. நான் சுவரின் கடைசி முனையில் நோட்டும் கையுமாக ஆராய்ச்சியாளர் தோரணையில் இருந்தேன். சிவப்புக் கார் உறுமியது. முதுகுகள் அசையவில்லை. இன்னொரு உறுமல். அசையவில்லை. "உறுமல் இரண்டு" என்று எழுதினேன். கார் மெதுவானது, நின்றது. கண்ணாடி இறங்கியது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பார்க்கவில்லை என்றதும் நின்றேவிட்டானே!

உள்ளேயிருந்த இளைஞன் தலையை நீட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "அக்கா… யானையா?"

மாமா, என் கையிலிருந்த பேனா விழுந்தது.

யானை நடமாடும் நம் சின்னக்கானல் வட்டாரத்தில் நாற்பது பேர் ஒரே திசையைப் பார்த்துச் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத்தான் தோன்றவில்லை.

சரி, அங்கேயாவது முடிந்திருக்கலாம். பேச்சியம்மா அக்கா சட்டத்தை மதிக்கிறவர். திரும்பவும் இல்லை, பேசவும் இல்லை. "பேசாத, பந்தயம் நடக்குது" என்கிற அர்த்தத்தில், முதுகைக் காட்டியபடியே பக்கவாட்டில் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

ஏழு கார்களும் ஒரே நேரத்தில் இன்ஜினை அணைத்தன.

அதற்கப்புறம் நடந்ததைப் பார்க்க நீங்கள் கொடுத்து வைக்கவில்லை. ஒவ்வொரு காரின் கதவும் பூப்போலத் திறந்தது. வெள்ளைச் செருப்பும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பெரிய பெரிய ஆட்கள் பூனை நடை நடந்து வந்து, எங்கள் பெண்களின் நடுவே சுவரில் தொற்றிக்கொண்டார்கள். கார்கள் ரோட்டில் குறுக்கும் நெடுக்குமாக, கதவைத் திறந்து போட்டபடி கிடந்தன. அவ்வளவு பளபளப்பையும் ஒருத்தர் திரும்பிப் பார்க்கவில்லை, சொந்தக்காரர்களும் சேர்த்து. நீங்கள் இருந்திருந்தால், "பாத்தியாட்டி, வண்டிய மறந்துட்டாங்க. நாந்தான் செயிச்சேன்," என்று துண்டை உதறியிருப்பீர்கள். விழுந்த பேனாவை எடுத்து அதையும் நோட்டில் எழுதினேன்.

பின்னால் வந்த ஒரு பஸ் நின்றது. பைஜு சேட்டனின் ஜீப் நின்றது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, யானை நடமாட்டத்துக்கென்று வைத்திருக்கிற போன் குழுவில், "எட்டாம் வளைவில் ஆன இறங்ஙி!" என்று குரல் செய்தி போட்டுவிட்டார். பள்ளத்தில் ஒரு கரும்பாறை இருக்கிறதே, அம்மா தினமும் சோத்துத் தூக்கை வைக்கிற பாறை, அதைப் போனில் பெரிதாக்கி, "காது அசையுது, காது அசையுது," என்று ஒருவர் நடுங்கினார்.

அம்மா என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார், "ஏட்டி… நெசமாவே இருக்கோ?"

"ம்மா! அது நீ சோறு வைக்கிற பாறை!"

"இன்னிக்கு அங்க வைக்கல. இந்தா மடியில இருக்கு. அப்ப அங்க அசையிறது என்ன?"

உண்மையைச் சொல்கிறேன் மாமா, பிறந்ததிலிருந்து தெரிந்த பாறையை நானும் மூன்று தடவை உற்றுப் பார்த்தேன்.

சிவப்புக் கார் இளைஞன் என் தோளைத் தொட்டான். "தங்கச்சி, யானை பின்னால வர்ற மாதிரி, முன்னால என் காரும் வர்ற மாதிரி ஒரு போட்டோ எடுக்க முடியுமா? கார் முழுசா வரணும்." நோட்டை எடுத்தேன். நீங்கள் ஜெயித்ததை அடித்தேன். நான் ஜெயித்ததை எழுதினேன்.

அப்போதுதான் மேலே வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு முனகல் கேட்டது. இரண்டாம் கியரில் இறங்கும்போது நம் ஜீப் மட்டும் போடுகிற முனகல். இடுப்பு வலிக்கிற ஆள் எழுந்திருக்கிற மாதிரி என்பீர்களே, அதேதான்.

அத்தை வளைவில் திரும்பினார். பின்னால் ஒரு குடும்பம், இரண்டு குழந்தைகள். முன்னால் ரோடு முழுக்கக் கார். சுவரில் ஒரு ஊரே முதுகு காட்டி நிற்கிறது. ஒருத்தரும் திரும்பவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள்கூடப் பள்ளத்துப் பக்க ஜன்னலில்தான் குவிந்திருந்தார்கள். இறங்கி வருகிற ஜீப்பின் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டதோ என்னவோ.

அத்தை ஹார்ன் அடிக்கவில்லை. யானை என்று நினைத்திருப்பார். யானை இருந்தால் குழந்தைகளோடு அங்கே நிற்கவும் கூடாது. பக்கத்துக் கண்ணாடியை மடக்கினார். ஃபோர்வீல் போட்டார். இடது பக்கச் சக்கரங்கள் இரண்டையும் மலைச்சரிவில் ஏற்றினார். ஜீப் சாய்ந்தது. ஒரு பக்கம் மண்திட்டு, மறுபக்கம் சிவப்புக் காரின் திறந்து கிடந்த கதவு. நடுவில் ஒரு சீப்பு நுழைகிற இடைவெளி. அதில் அந்தப் பழைய வண்டி, ஊசியில் நூல் போகிற மாதிரி, சாய்ந்தபடியே ஏழு காரையும் பஸ்ஸையும் பைஜு சேட்டனையும் தாண்டி, இறங்கி, நிமிர்ந்தது. ஒரு கீறல் இல்லை. குழந்தைகள் கை தட்டின. எல்லாவற்றுக்கும் கீழே போய் வண்டி நின்றது.

பார்த்தது நான். இன்னொருவர் மஞ்சள் காரில் இருந்தார். அவருக்கு இடது பக்கம் சுவர், வலது பக்கம் சிவப்புக் கார், கதவு இரண்டும் திறக்காது. யானை பார்க்கப் போக முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டவர். வெள்ளை மீசை. அத்தை கடந்தபோது அவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினார்.

அத்தை ஜீப்புக்குக் கல் வைத்துவிட்டு மேலே நடந்து வந்தார். முகம் சிவந்திருந்தது.

"எல்லாரும் சேந்து எங்கிட்டுப் பாக்கிறீக?"

"ஸ்ஸ்… யானை சேச்சி," என்றார் பைஜு சேட்டன்.

அத்தை சுவரில் ஏறி எட்டிப் பார்த்தார். "எங்க யானை? அது எங்க மதினி சோறு வைக்கிற பாறை!"

போனில் காது அசைவதைப் பார்த்தவர் போனை மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

"ஏனப்பா, ஆறு வாரமா நான் ரோட்டுல இருமினாக்கூட வரிசை கட்டிப் பாத்தீக. கண்ணெல்லாம் இன்னிக்கு எங்க அடகு வச்சீக? அம்புட்டு நேக்கா எடுத்தேன். எங்க வீட்டுக்காரரே அப்படி எடுத்திருக்க மாட்டாரு. ஒரு கழுதையாவது பாத்துச்சா?"

மன்னிக்கவும் மாமா, அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பார்த்த சாட்சி என்ற முறையில் நானும் அதை ஒப்புக்கொள்கிறேன்.

பைஜு சேட்டன் ரோட்டைப் பார்த்தார், மலைச்சரிவில் இருந்த டயர் தடத்தைப் பார்த்தார், சிவப்புக் காரின் கதவைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "எந்தம்மோ! இதிலயா வந்நது? ஒரு தடவ கூடிக் காட்டு சேச்சி, இப்ப நோக்காம்," என்றார்.

"பாக்கணும்னா அப்பவே பாத்திருக்கணும். இது என்ன ரீப்ளே போடுற டிவியா?"

அப்போது மஞ்சள் காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளிருந்து கொங்குக் குரல் ஒன்று வந்தது: "ஏனுங்க அம்மிணி, நான் பாத்தனுங்க. மொத்தமும் பாத்தனுங்க. ஆனா மொதல்ல அந்தச் செவப்பு வண்டியத் தள்ளி என்னைய வெளிய உடச் சொல்லுங்க. கால் மரத்துப் போச்சு."

அவரை வெளியே எடுத்தோம். அவ்வளவு தாழ்வான காரிலிருந்து எழுவது கிணற்றிலிருந்து ஏறுகிற மாதிரி, பேச்சியம்மா அக்கா கை கொடுத்துத் தூக்கிவிட்டார். இப்படி ஒரு ஆள் கையில் கிடைத்தால் விடுவேனா? நம் பந்தயத்தைச் சொல்லி நேராகவே கேட்டுவிட்டேன். "சார், உங்களை நாங்க பாக்கணும்னு நெனைப்பீங்களா, மாட்டீங்களா? மாத்திச் சொல்லக் கூடாது. எங்க மாமா கேக்குறாரு."

அவர் மீசையைத் தடவினார். "நெசத்தச் சொல்லட்டுங்களா கண்ணு? எல்லாரும் வண்டியத்தான் பாக்கறாங்க. வண்டிய வாங்குனதுக்கு எல்லாரும் கை குடுத்தாங்க. இத்தன வருசத்துல, ஒரு வளைவ நீ நல்லா எடுத்தேன்னு ஒருத்தரும் சொன்னதில்லீங்க. வண்டிய நாய்கூட நின்னு பாக்குது." அத்தையைப் பார்த்தார். "அம்மிணி, அந்த எடத்துல நானா இருந்தா அந்தக் கதவ இடிச்சிருப்பனுங்க."

அத்தை தலைத்துண்டைச் சரிசெய்துகொண்டு, "நீங்களும் ஒண்ணும் மோசமில்ல. சொவத்தோட ஒட்டி நிறுத்தியிருக்கீக, ஒரு உரசல் இல்ல," என்றார். மாமா, அந்த மனிதர் சிரித்த சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும். அந்த மஞ்சள் காரை வாங்கின அன்றுகூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

நான் தப்பித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். குழுச் செய்தியைப் பார்த்து வனக்காவலர்கள் இரண்டு பேர் மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் பெரியவர் திட்டவில்லை. "மோளே, அடுத்த தடவ நெசமா ஆன வந்நு, ஆளுக நம்பலன்னா?" என்று மட்டும் கேட்டார். அதே குழுவில் என் பெயர் சொல்லி, பொய் என்று சொல்லி, நானே குரல் செய்தி போட்டேன். யார் மாதிரியும் பேசிக் காட்டாமல், என் சொந்தக் குரலில். எனக்கே அது புதிதாக இருந்தது. கூடவே, பேச்சியம்மா அக்காவுக்குத் தும்மிக் காட்டும்போது சூப்பர்வைசர் பின்னால்தான் நின்றிருந்தார். அந்தக் கதையை நேரில் பார்க்கும்போது சொல்கிறேன், அவசரமில்லை.

திங்கட்கிழமை பூப்பாறைக்காரர் வந்தார். அம்மா டீ கொடுத்தார். இரண்டாவது டீயும் கொடுத்தார். "வண்டி எங்க?" என்றார் அவர்.

"ஓட்டத்துக்குப் போயிருக்கு."

"எப்ப வரும்?"

"நாளைக்கும் ஓட்டம் இருக்கு," என்றார் அம்மா. "நாளன்னைக்கும் இருக்கும்."

அவருக்குப் புரிந்துவிட்டது. டீ நன்றாக இருந்ததாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு அடுத்த நாள் அத்தை சோறு தின்னும்போது, குழம்பைப் பற்றிச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்: "பைஜுக்காக வண்டியப் பின்னால எடுத்து வழி விட்டேன். வெரல் தூக்குனான்." அம்மா இன்னொரு கரண்டி சோறு வைத்தார். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

இப்போது தீர்ப்பு.

அதற்கு முன் ஒரு சாட்சியம். ஜீப்பைச் சுத்தம் செய்தபோது சீட்டுக்கு அடியில் ஒரு பவுடர் டப்பாவும் வெயில் மறைப்புப் பலகைக்குப் பின்னால் ஒரு மீசைச் சீப்பும் கிடைத்தன. "எட்டாம் வளைவு வர்றதுக்கு முன்னால ஒரு எடத்துல வண்டிய மெதுவாக்குவாரு, ரேடியேட்டர் சூடுன்னு சொல்லுவாரு," என்று அத்தை சொன்னார். ரேடியேட்டருக்கா மாமா பவுடர் போட்டீர்கள்? யாரும் பார்க்க வேண்டாம் என்று ஓட்டிய மனிதர் இத்தனை வருடம் எங்கள் சுவருக்காக மீசை சீவியிருக்கிறார். இதைக் கண்டுபிடித்ததும் நானும் அத்தையும் சிரித்துச் சிரித்து, கடைசியில் அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தார். சிரிப்பில்தான் என்றார். நானும் சிரிப்பில்தான்.

ஆனாலும் முழுதாக நான் ஜெயிக்கவில்லை. எல்லாரும் பார்த்தபோது அத்தை வண்டியையே விற்கப் பார்த்தார். யாரும் பார்க்காதபோது ஊரையே திட்டினார். ஆக, பார்க்கவும் வேண்டும், பார்த்ததையும் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். இதற்கு நம் பந்தயத்தில் கட்டமே இல்லை. அதனால் கண்ணாடியைப் பாதிப் பாதியாகப் பிரித்துவிட்டோம். முன்கண்ணாடி உங்களுடையது, ஒரு எழுத்தும் இல்லை. பின்கண்ணாடி என்னுடையது. என்ன எழுதுவது என்று நான் கொண்டுபோன பட்டியலில் பதினெட்டுப் பெயர் இருந்தது. அத்தை அத்தனையையும் அடித்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார். இப்போது நம் ஜீப் யாரைக் கடந்து போனாலும், அவர்கள் வாயைப் பிளந்து திரும்பிப் பார்க்கும்போது, பின்னால் பெரிய எழுத்தில் படிக்கிறார்கள்: "பாத்தாச்சா?"

உங்களுக்கு ஒரு வாக்கு தருகிறேன். எட்டாம் வளைவில் இனி எந்த வண்டிக்கும் முதுகு காட்ட மாட்டேன். மஞ்சளோ சிவப்போ, புலியோ புயலோ, வண்டியைப் பார்க்கிறதுக்கு முன்னால் ஸ்டியரிங்கில் இருக்கிற கையைப் பார்ப்பேன். நன்றாக எடுத்தால் சொல்லிவிடுவேன், மோசமாக எடுத்தால் அதைவிடச் சத்தமாகச் சொல்வேன். சாயங்காலம் ஜீப் லயத்துக்கு வந்ததும் டயருக்குக் கல் வைப்பது என் வேலை. இதுவரை ஒரு நாளும் தவறவில்லை. இன்றைக்கும் வைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எழுதி முடித்துவிட்டேன். பேனாவை வைத்துவிட்டு, இரண்டு விரலைத் தூக்குகிறேன்.

பாத்தாச்சா மாமா?

இப்படிக்கு,
நீங்கள் மீசை சீவிக்கொண்டு வந்த சுவரில் இன்றும் உட்கார்ந்திருக்கும்,
உங்கள் அக்கா பெற்ற வாலு,
பவித்ரா